கடைசி மேட்ச் அன்று நான் ஊரில் இருந்தேன்

1. பலாக்கொட்டைப் பந்து

"பாய், நாளையிலேருந்து ஒமக்கு ஃபுட்பால் டீம் டிரிப்பு. லேடீஸ் ஹாஸ்டல் வண்டிய சலீம் பாத்துக்கிடுவான்."

அந்தோணி சார் இதைச் சொன்னதும் எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவர் எங்கள் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர், தூத்துக்குடிக்காரர். நான் கீழக்கரை. ஷார்ஜா பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பஸ் டிரைவராக இருந்தேன். அமெரிக்கப் பாடத்திட்டம், அமெரிக்க வாத்தியார்கள். படிக்கிற பிள்ளைகள் மட்டும் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது.

லேடீஸ் ஹாஸ்டல் டிரிப் என்றால் ராஜ உத்தியோகம். பிள்ளைகள் சத்தம் போடாமல் ஏறும், சத்தம் போடாமல் இறங்கும். சீட்டில் ஒரு தூசி இருக்காது. ஸ்போர்ட்ஸ் டிரிப் அப்படியா? மண்ணும் வேர்வையுமாக ஏறுவார்கள், வாழைப்பழத் தோலை ஜன்னல் இடுக்கில் சொருகுவார்கள், ஏ.சி.யைக் கூட்டு என்பார்கள், பிறகு குறை என்பார்கள். கழுவித் துடைக்கிறவன் டிரைவர்தான்.

"சார், நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டேன்.

"தப்பு செஞ்சவனுக்குத்தான் டூட்டி மாத்தணுமா வே? போய் வண்டிய எடும்."

சாயங்காலம் பையன்கள் வந்து ஏறினார்கள். ஒவ்வொருவனும் ஓர் அலமாரி. தோளில் பிளாஸ்டிக் கவசம், கையில் இரும்புக் கம்பி வைத்த தலைக்கவசம். ஃபுட்பால் ஆடப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மைதானத்தில் பந்தை எடுத்தபோதுதான் புரிந்தது, இது நம் ஃபுட்பால் இல்லை. பந்து உருண்டையாகவே இல்லை, பெரிய பலாக்கொட்டை மாதிரி இருந்தது. அதைக் காலால் தொடுவதே அபூர்வம். இரண்டு வரிசையாக எதிரெதிரே குனிந்து நிற்பார்கள், திடீரென்று முட்டிக்கொள்வார்கள், ஒருவன் மேல் ஒருவன் விழுவார்கள், விசில் ஊதும், எழுந்து மறுபடியும் வரிசையில் நிற்பார்கள். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், அதுதான் கணக்கு. முன்னேறி முன்னேறிக் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் டச்டவுன். இவ்வளவு தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

முந்தின வருஷம் இந்த டீம் ஆடிய எல்லா மேட்சிலும் தோற்றிருந்தது. வளைகுடாவில் அமெரிக்கர்கள் இருந்த இடமெல்லாம் ஒரு டீம் இருந்தது. அபுதாபியில் ஒன்று, ருவைஸ் ரிஃபைனரியில் ஒன்று, பஹ்ரைனில் ஒன்று, சவுதியில் அல் கோபாரில் ஒன்று. அதெல்லாம் வேலை பார்க்கிற தடிமாடுகளின் டீம். எங்கள் டீம் ஒன்றுதான் கல்லூரிப் பிள்ளைகள் டீம். கோச் டெக்சாஸ்காரர், டேல் என்று பெயர். வயதானவர். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருப்பார். தோலை என் பஸ்ஸுக்குள்தான் துப்புவார். கோச் ஆயிற்றே, யார் கேட்பது?

2. ஆமீன்

முதல் வாரத்தில் நான் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

கோட்டுக்கு வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வட்டமாகக் கூடினார்கள். தோள் மேல் தோள் போட்டார்கள். எல்லாத் தலையும் குனிந்தது. கேப்டன் பையன் ஏதோ தணிந்த குரலில் சொல்ல, மற்றவர்கள் அசையாமல் கேட்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பரவாயில்லையே, அமெரிக்கப் படிப்புப் படித்தாலும் பிள்ளைகள் படைத்தவனிடம் துஆ கேட்கிறார்களே என்று நினைத்தேன். பாதி சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்து, இரண்டு கையையும் ஏந்தி நின்றேன். வட்டம் கலையப் போகும் நேரம் பார்த்து, சத்தமாக "ஆமீன்!" என்றேன்.

மைதானமே திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பெயர் ஹடில் என்றும், அடுத்த முறை யார் எந்தப் பக்கம் ஓடுவது என்று ரகசியம் பேசுவதுதான் அது என்றும் பிறகு சொன்னார்கள். கேப்டன் ரயான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கோச் மட்டும் சிரிக்கவில்லை. விதையைத் துப்பிவிட்டு, "இருக்கட்டும் பாய். எங்க சர்ச்சுலயும் அதே வார்த்தைதான். போன வருஷம் எங்களுக்காக யாரும் வேண்டல, அதான் தோத்தோம்" என்றார். இவர்கள் எல்லாரும் இங்கிலீஷில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். என்னிடம் பேசும்போது மட்டும் நடுவில் நாலு இந்தி வார்த்தை போடுவார்கள். முழு இங்கிலீஷ் எனக்குத் தாங்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் மேட்ச் அபுதாபி டீமோடு. வழக்கம்போல் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடியப் போகும் நேரம், பையன்கள் கோட்டோரமாக எனக்குப் பக்கத்திலேயே வந்து வட்டம் போட்டார்கள். அழுகிற முகங்கள். எனக்குத் தாங்கவில்லை. இந்தத் தடவை தெரிந்தேதான் கையை ஏந்தினேன். "யா அல்லா, பிள்ளைங்க முகத்தப் பாரு" என்று வேண்டி, அடிவயிற்றிலிருந்து "ஆமீன்" என்றேன். அடுத்த நிமிஷம் ரயான் பந்தை வீச, கோடியில் ஓடிய பையன் அதைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான். டச்டவுன்! ஆட்டம் ஜெயித்தாயிற்று.

அவனைத் தூக்கியிருக்க வேண்டும். என்னைத் தூக்கினார்கள். ஒரு செருப்பு எங்கேயோ போய் விழுந்தது, கடைசி வரை கிடைக்கவில்லை.

3. ராசி

அன்று பிடித்தது பைத்தியம். ஜெயித்த அன்று யார் எந்த சீட்டில் உட்கார்ந்தானோ அதே சீட்டில்தான் இனி உட்கார வேண்டும். ஜெயித்த அன்று போட்ட சாக்ஸைத் துவைக்கக் கூடாது. இதை எழுதும்போதே எனக்கு மூக்கில் அந்த வாடை வருகிறது. ஊதுவத்தி கொளுத்தினேன், எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தேன், ஒன்றும் எடுபடவில்லை. ருவைஸ் போகிற வழியில் ஒரு மலையாளி டீக்கடையில் வண்டியை நிறுத்தி நான் கரக் சாயா குடித்தேன். ருவைஸிலும் ஜெயித்தார்கள். அதன்பிறகு எந்த மேட்சுக்குப் போனாலும் வழியில் எங்காவது நிறுத்தி எல்லாரும் கரக் சாயா குடித்தாக வேண்டும். நாக்கைச் சுட்டுக்கொண்டு அந்தத் தடிப் பையன்கள் குடிக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே.

எல்லாவற்றுக்கும் மேலே என் ஆமீன். வட்டம் போட்டதும் ரயான் கோட்டோரம் திரும்பிப் பார்ப்பான். நான் சொன்னால்தான் வட்டம் கலையும். ஒரு மேட்சில் நான் டீ கிளாசோடு ஒதுங்கி நின்றுவிட்டேன். இவர்கள் என்னைத் தேடிக்கொண்டு நிற்க, நேரம் கடந்துவிட்டது என்று ரெஃப்ரி கொடியை வீசி ஐந்து கெஜம் பின்னால் போகச் சொல்லிவிட்டான். கோச் மைதானமே அதிரக் கத்தினார், "பாய்! ஆமீன்! ஜல்தி!" உலகத்தில் டிரைவர் டீ குடித்ததற்காக பெனால்டி வாங்கிய டீம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். கிரிக்கெட்டில் நம் ஆள் அடித்து ஆடும்போது, எழுந்தால் அவுட்டாகிவிடுவான் என்று ஒன்றுக்குக்கூடப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தானே நாம். எனக்கும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. மேட்ச் மேட்சாக ஜெயித்தார்கள். கல்லூரிக்குள் என் மதிப்பு ஏறியது. அதுவரை என் பெயர்கூட யாருக்கும் தெரியாது. இப்போது டீன் எதிரே வந்தால் நின்று கை கொடுத்தார். கேன்டீனில் நேபாளிப் பையன் எனக்கு ஒரு முட்டை சேர்த்து வைத்தான். ரூமுக்கு வந்தால் கூட இருந்தவர்கள், "வாங்க ராசிக்காரரே" என்றார்கள். ஒரு மனிதனை நாலு பேர் தேடுகிறார்கள் என்றால் அது சின்ன விஷயமா? எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

4. லீவ்

கல்ஃப் வேலை பார்த்தவர்களுக்கு லீவ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று எங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊர். கல்யாணம், மவுத்து, பிள்ளைப்பேறு எதுவும் அதைத் தாண்டிக் கேட்க முடியாது. நான் வந்தபோது என் மனைவி ஜன்னத்துக்கு நாலு மாதம். இங்கே வந்த பிறகுதான் மகள் பிறந்தாள். சுமையா என்று பெயர் வைக்கச் சொல்லி இங்கிருந்துதான் எழுதினேன். அவள் தவழ்ந்தது, நடந்தது, பல் முளைத்தது எல்லாம் எனக்குக் கேசட்டில் வந்தது. அப்போது போன் பேசக் கட்டுப்படியாகாது. கேசட்டில் பேசி, ஊர் போகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவோம். அவர்களும் அப்படியே பேசி அனுப்புவார்கள். "இந்தா, இதுதான் ஒன் மக சிரிக்கிற சத்தம்" என்று மாமி சொல்ல, அதன்பின் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அந்த இடத்தை ரீவைண்ட் செய்து செய்து டேப்பே தேய்ந்துபோனது.

அந்த வருஷம் ரமலானுக்கு முன்னால் என் லீவ் விழுந்திருந்தது. நோன்பு வைத்து, பெருநாள் முடித்துத் திரும்ப வேண்டும் என்று திட்டம். டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. ஃபைனலும் அபுதாபியில், நான் கிளம்புவதற்கு முந்தின வாரம். ஃபைனலையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்.

ஃபைனலில் எதிர் டீம் அல் கோபார். சவுதியை விட்டு வெளியே போய்த் திரும்ப எக்சிட் ரீஎன்ட்ரி முத்திரை வேண்டும். பாதிப் பேருக்கு அது வரவில்லை. ஃபைனல் தள்ளிப்போயிற்று. புதுத் தேதி, நான் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு.

பையன்கள் நேராக டீனிடம் போய்விட்டார்கள். பாய் இல்லாமல் ஃபைனல் ஆட முடியாது என்றார்களாம். டீன் அந்தோணி சாரைக் கூப்பிட, அந்தோணி சார் என்னைக் கூப்பிட்டார்.

"லீவ கொஞ்சம் தள்ளிப்போடும் வே. டீனே சொல்லுதாரு. டிக்கெட்டு நா மாத்தித் தாரேன்."

"எப்ப சார் போறது அப்புறம்?"

"அதச் சொல்ல முடியுமா? சலீமு போவணும், அவனுக்கு அடுத்து ரெண்டு பேரு நிக்கான். பெருநா கழிஞ்சு பாப்போம். நாஞ் சொல்லுதது புரியுதா? பெரிய எடத்துல ஒம்ம பேரு அடிபடுது. நல்லதுதான?"

'பாப்போம்' என்ற சொல்லுக்கு கல்ஃபில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அது ஆறு மாதமாகவும் இருக்கும், வருஷமாகவும் இருக்கும். இருந்தும் வாயிலிருந்து "சரி சார்" என்றுதான் வந்தது. மேலே இருப்பவர் சொன்னால் வேறு வார்த்தை சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. அதோடு, பொய் சொல்லக் கூடாது, மனதின் ஒரு மூலையில் சந்தோஷமும் இருந்தது. நானில்லாமல் ஆட மாட்டார்களாமே!

அறைக்குப் போனதும் அந்தச் சந்தோஷம் ஓடிவிட்டது. கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்த அட்டைப்பெட்டி. அதில் ஒரு சிவப்பு கவுன், கண் திறந்து மூடும் பொம்மை ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

5. எலியாஸ் சொன்னது

மறுநாள் பையன்கள் பிராக்டிஸில் இருக்கும்போது, பஸ் கதவைச் சாத்திக்கொண்டு டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துப் பேசத் தொடங்கினேன். ஜன்னத்துக்குச் சொல்லியாக வேண்டுமே. "ஜன்னத்து, நான் சொல்றதக் கேட்டு அழக் கூடாது" என்று தொடங்கினேன். அதற்குமேல் வரவில்லை. அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கினேன். பிறகு மகளிடம் பேசினேன். "சுமையா, வாப்பா பேசுறேம்மா. வாப்பா வர்றதுக்கு இன்னும் கொஞ்ச நாளாகும். ஒனக்கு பொம்மை வாங்கி வச்சிருக்கேன்..." பொத்தானை அழுத்தி நிறுத்தினேன்.

பின்சீட்டில் யாரோ அசைந்தார்கள். எலியாஸ். லெபனான்காரன், எங்கள் டீமிலேயே பெரிய உடம்பு. முன்வரிசையில் நின்று எதிராளியை முட்டித் தடுக்கிற வேலை அவனுக்கு. கணுக்கால் வீங்கி, பின்சீட்டில் ஐஸ் வைத்துப் படுத்திருந்திருக்கிறான். நான் கவனிக்கவில்லை.

"யாரோட பேசுற பாய்?"

"மகளோட."

"டேப்லயா?"

சொன்னேன். அவளை நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். லீவ் தள்ளிப்போனதைச் சொன்னேன். எதற்காகத் தள்ளிப்போனது என்பது அவனுக்கே தெரியும், அதைச் சொல்லவில்லை. அவன் நொண்டிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தான். சீட்டு முனகியது.

"எங்கப்பா அல் கோபார்ல வேல பாத்தாரு. ஊர்ல சண்ட. நாங்க மலைல இருந்தோம். அவர நான் மொதமொத பாத்தப்ப எனக்கு மூணு வயசு. கதவத் தெறந்து ஒருத்தர் வந்தாரு. எல்லாரும் 'அப்பா, அப்பா'ன்னாங்க. நான் கட்டிலுக்கு அடியில போய்ப் பூந்துக்கிட்டேன். அவரு குனிஞ்சு கைய நீட்டினாரு. கடிச்சுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் லீவ் முடிஞ்சு போய்ட்டாரு. பழகுறதுக்குள்ள போய்ட்டாரு. இப்ப வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ரூம்ல இருந்தா டி.வி.யப் பாத்துக்கிட்டுத்தான் பேசுவோம்."

அவ்வளவு பெரிய பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தேன்.

"ரெண்டு வயசுக்குள்ள ஒன்னயப் பாத்தா கொஞ்ச நாள்ல வந்துருவா. நாளாக நாளாகக் கஷ்டம் பாய். நீ போ."

"நான் எப்படிப் போறது தம்பி? டீன் சொல்லிட்டாரே."

"டீன்கிட்ட நாங்கதான் சொன்னோம். நாங்க போய்ச் சொல்றோம்."

மறுநாள் அந்தோணி சார் அறையில் டீம் மொத்தமும் நின்றது. பிராக்டிஸிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள், தோள் கவசத்தோடு. நாற்காலி, மேசை, அலமாரி எதுவும் கண்ணில் படவில்லை. நடுவில் அந்தோணி சாரின் வழுக்கை மட்டும் தெரிந்தது.

"நேத்து வேணும்னீங்க, இன்னைக்கு வேண்டாங்கிறீங்க. நான் என்ன பைத்தியக்காரனாடா?" என்று தமிழிலேயே கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "இவனுவள வெளிய கூட்டிட்டுப் போம் வே, காத்து வரமாட்டேங்குது. ஒம்ம லீவ நான் மாத்தல. டிக்கெட்டு அப்படியே இருக்கு. போயிட்டு வாரும்" என்றார். டிக்கெட்டை அவர் முதலிலேயே மாற்றாமல் வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவருக்கும் ஊரில் மூன்று பிள்ளைகள்.

ரயானுக்கு முழு மனதில்லை, முகத்தில் தெரிந்தது. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோத்துட்டா என்ன பண்றது பாய்?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான். கோச் விதையைக் கொறித்துக்கொண்டே, "தோத்தா தோத்தோம். அடுத்த வருஷமும் ஃபுட்பால் இருக்கும். பஸ்ல போய் ஏறு" என்று அவனை அதட்டினார்.

கிளம்புகிற அன்று எலியாஸ் என் அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்து ஏர்போர்ட் வேன் வரைக்கும் தூக்கிவந்தான்.

"பாய், கூப்பிடாத. கைய நீட்டாத. எங்க ஆட்டத்துல பந்து கெளம்புறதுக்கு முன்னாடி அசைஞ்சா பெனால்டி. நீ சும்மா தரையில ஒக்காந்திரு. அவ அசையட்டும்."

6. குரல்

மெட்ராஸில் இறங்கி, பஸ் பிடித்து, கீழக்கரை போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஊரில் கல்யாணமான பிறகும் பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். வீடு நிறையக் கூட்டம். ஜன்னத்தின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. என்னைப் பார்த்து அவள் உதடு பிதுங்கியது.

"ஜன்னத்து" என்றேன்.

குழந்தை என்னைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி அலமாரி மேலிருந்த டேப் ரெக்கார்டரைப் பார்த்து, "வாப்பா" என்றாள்.

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை. "இங்க பாரு, இவகதான் வாப்பா, போ, போ" என்று மாமி குழந்தையை என் மேல் சாய்த்தாள். வீறிட்டு அழுதாள் பாருங்கள், தெருவே வந்துவிட்டது. "விடுங்க மாமி, கட்டாயப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன்.

அப்படியே உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன். சோறு தரையில். பேப்பர் தரையில். சொந்தக்காரர்கள், "என்னப்பா, துபாய்ல நாற்காலியில ஒக்காந்து அலுத்துப்போச்சா?" என்று கேலி செய்தார்கள். நான் கூப்பிடவில்லை. பொம்மையைக்கூட நீட்டவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் கதவு இடுக்கில் நின்று பார்ப்பாள். நான் நிமிர்ந்தால் ஓடிவிடுவாள். சில நேரம் மனது ரொம்ப நொந்துபோகும். பெற்ற பிள்ளை கண்ணெதிரே இருக்கிறது, தொட முடியவில்லை. ஜன்னத்து ஒருநாள், "இதுக்கா நீங்க இவ்ளோ தூரம் வந்தீக?" என்று அழுதாள்.

நோன்பு தொடங்குவதற்கு முன்பே ஃபைனல் நாள் வந்தது. அன்றைக்கு எனக்கு ஓரிடத்தில் இருப்பு கொள்ளவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் மணி பார்த்தேன். இப்போது பஸ் கிளம்பியிருக்கும். இப்போது கரக் சாயா. அஸர் தொழுதுவிட்டு அதே தொழுகைப் பாயில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு பையன்களை ஒவ்வொருவனாக நினைத்தேன். எலியாஸின் கணுக்கால் சரியாகியிருக்குமா? ரயான் யாரைத் திரும்பிப் பார்ப்பான்? வாய்விட்டே துஆ கேட்டேன். அல்லாவிடம் பேசுகிறேனா, பையன்களிடம் பேசுகிறேனா என்று எனக்கே தெரியாத அளவுக்கு என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன். வந்ததிலிருந்து அன்றுதான் சுமையா எங்கே நிற்கிறாள் என்று நான் பார்க்கவில்லை.

உதட்டில் ஏதோ பட்டது. கண் திறந்தால் அவள். முகத்துக்கு நேரே நின்று என் வாயைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன விரலால் உதட்டைத் தொட்டாள். பிறகு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த குரல் எங்கேயிருந்து வருகிறது என்று தேடினாள்.

நான் அசையவில்லை.

"பேசு" என்றாள்.

"என்னம்மா பேசணும்?" என்றேன். சத்தம் வந்த இடம் தெரிந்துவிட்டது. ஒருதரம் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி என் வாயைப் பார்த்தாள். பிறகு சுற்றி வந்து, நாள்பட்ட பழக்கம் போல, என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஜன்னத்து அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அன்று அழுததற்குக் கணக்கில்லை.

7. திரும்பியபோது

பெருநாள் முடிந்து திரும்பினேன். ஏர்போர்ட்டுக்கு வேன் வந்திருந்தது. டிரைவர் சீட்டில் சலீம், பின்சீட்டில் எலியாஸ். அவனுக்கு அன்று வகுப்பு இருந்திருக்க வேண்டும்.

என் பெட்டியை வாங்கிக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "வந்தாளா?" என்பதுதான்.

"வந்தா தம்பி. அவளா வந்தா" என்றேன். விரலை வாய்க்குள் விட்டதைச் சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னான். சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கல்லூரி ரவுண்டபவுட் வந்த பிறகுதான் எனக்கு நினைவே வந்தது.

"டேய், மேட்ச் என்ன ஆச்சு?"

"ஓ, ஜெயிச்சுட்டோம்" என்றான், மதியம் என்ன சாப்பாடு என்று கேட்டதற்குச் சொல்வது போல.

என் இடத்தில் வண்டி ஓட்டியவர் ஒரு பாகிஸ்தானி பட்டான் டிரைவர். மேட்ச் முழுக்க பஸ்ஸில் தூங்கினாராம். ஆமீனும் இல்லை, ஒன்றும் இல்லை. என் ராசி இல்லாமலே ஜெயித்துவிட்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஒளிக்கவில்லை. எலியாஸ் அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகாமல் அல் கோபாருக்கு, அவன் அப்பாவிடம் போனான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது எனக்கு அங்கிருந்து ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொண்டுவந்தான். "அப்பா குடுத்துவிட்டாரு" என்றான்.

இப்போது கல்ஃபுக்குப் போகிற தம்பிகளுக்கு என்னிடம் பெரிய உபதேசம் ஒன்றும் இல்லை. வண்டியைச் சுத்தமாக வைத்திருங்கள், சூப்பர்வைசரைப் பகைக்காதீர்கள். நீயில்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது என்று யாராவது சொன்னால், கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். கேட்டுச் சந்தோஷப்பட்டுவிட்டு, லீவ் விழுந்த அன்று விமானம் ஏறிவிடுங்கள். பஸ் ஓட்ட இன்னொருவன் வருவான். தூங்குகிறவனாக இருந்தாலும் ஓட்டிவிடுவான்.

சுமையாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அன்று என் வாய்க்குள் விரல் விட்டது அவளுக்கு நினைவில்லை. சொன்னால், "சும்மா கத விடாதீங்க வாப்பா" என்கிறாள். மடியில் ஏறிய நாளே நினைவில்லாத அளவுக்கு நான் அவளுக்குப் பழகிவிட்டேன். எனக்கு அது போதும்.